ஆடும் பிள்ளையும் ஆக்கும் பிள்ளையும்



வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் மாலை வேளையிற் பந்தாடும் சிறுவர்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவர்கள் ஆடுவது கிரிக்கெட்டுத்தான். ஆயினும், அதன் விதிகள் இலண்டனில் எழுதப்பட்ட விதிகளல்ல. பந்து அடுத்த வீட்டு மதிலைத் தாண்டினால் ஆறு ஓட்டமில்லை, அடித்தவன் ஆட்டமிழந்தான். முச்சக்கர வண்டி வந்தால் ஆட்டம் நிற்கும். வண்டி போனபின் அந்தப் பந்தை மறுபடி வீசவேண்டும். மிகச் சிறியவனுக்கு முதற்பந்தில் ஆட்டமிழப்பில்லை. இவ்விதிகளை இயற்றியவர் யார்? ஆடுகின்ற பிள்ளைகளே இயற்றினார்கள். ஒழுங்கையின் அகலத்தையும், மதிலின் உயரத்தையும், அயல்வீட்டாரின் பொறுமையையும் அளந்து பார்த்து இயற்றினார்கள்.

கிளித்தட்டும் அப்படித்தான். ஆட்கள் கூடினால் கோடுகளும் கூடும், குறைந்தால் குறையும். விளையாட்டு என்பது கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை. அது பிள்ளைகள் கூடிச் செய்வதும், செய்ததைத் திருத்துவதும், திருத்தியதை அடுத்த தெருவுக்குக் கொடுப்பதுமாக இருந்தது.

இன்றோ, வெள்ளவத்தையில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதியையொட்டிய நெருக்கமான குடியிருப்புகளிலும் கோடு கீற வெறுநிலம் அரிது. விளையாட்டு கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. அங்கே விதிகளை வேறொருவர் இயற்றிவிடுகிறார். பிள்ளை விரலை அசைப்பதோடு அதன் பங்கு முடிந்துவிடுகிறது. இது பெற்றோர் பலரின் கவலை. இக்கவலைக்கு இடமுண்டு. ஆனால் அந்தக் கருவியினுள்ளேயே, பிள்ளைகள் தாமாகவே விளையாட்டுகளை ஆக்கிப் பிறருக்கு ஆடக்கொடுக்கும் அரங்குகளும் தோன்றியிருக்கின்றன. அவற்றுள் உலகறிந்தவை இரண்டு: ஒன்று ஸ்கிராச், மற்றையது றோபுளொக்ஸ். இத்தகைய அரங்கு எவ்வாறு அமைக்கப்படுகிறது, எவ்வாறு சீர்செய்யப்படுகிறது, அதிலே தமிழ்ப் பிள்ளைக்கு இடம் உண்டா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இவற்றின் பிறப்பைப் பார்ப்போம். 1967 ஆம் ஆண்டு அமெரிக்காவில் சீமோர் பப்பேட், சிந்தியா சொலமன், வொலி பியூசெய்க் முதலியோர் லோகோ என்னும் கணினி மொழியை அமைத்தனர். கணினி பிள்ளைக்குக் கட்டளையிடுவதன்று, பிள்ளை கணினிக்குக் கட்டளையிடுவதே கல்வி என்பது பப்பேட்டின் கொள்கை. லோகோவில் ஓர் ஆமை உண்டு. முன்னே நட, வலப்பக்கம் திரும்பு என்று பிள்ளை சொல்லச் சொல்ல, அவ்வாமை நடந்து சென்று கோலம் வரையும். அந்த வழியிலே வந்தவர் மிச்செல் றெஸ்னிக். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் அவருடைய குழுவினர் ஆக்கிய ஸ்கிராச் 2007 ஆம் ஆண்டு உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. இசைத்தட்டை முன்னும் பின்னும் உராய்த்துப் பழைய பாட்டிலிருந்து புதிய ஓசை எழுப்பும் கலைஞரின் செயலிலிருந்து அதன் பெயர் எடுக்கப்பட்டது. அதிலே கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். பிள்ளை அவற்றை ஒன்றோடொன்று பொருத்தினால் திரையிலுள்ள பூனை நடக்கும், தாவும், பேசும். பொருந்தாத கட்டைகள் ஒட்டமாட்டா. ஆகவே எழுத்துப் பிழையால் மனம் நொந்து விட்டுவிடும் நிலை இல்லை.

றோபுளொக்ஸின் கதை வேறு. டேவிட் பசூக்கி என்பவர் 1989 ஆம் ஆண்டில் மாணவர்கள் பௌதிகப் பரிசோதனைகளைத் திரையிற் செய்துபார்க்கும் ஒரு மென்பொருளை வெளியிட்டார். நெம்புகோலையும் கப்பியையும் பற்றிய வினாக்களுக்காகச் செய்யப்பட்ட அந்த மென்பொருளைப் பிள்ளைகள் வேறுவகையிற் பயன்படுத்தினர். வண்டிகளை மோதவிட்டனர், கட்டடங்களைச் சரித்தனர், தாமே வேடிக்கைகளை ஆக்கினர். அதைக் கண்ட பசூக்கியும் எறிக் கசெல் என்பவரும் சேர்ந்து றோபுளொக்ஸை அமைத்து, 2006 ஆம் ஆண்டு வெளியிட்டனர். அங்கே ஆக்குவோர் எழுதும் மொழி, பிரேசில் நாட்டிலே 1993 ஆம் ஆண்டு பிறந்த லூவா என்னும் மொழியின் வழிவந்தது. போர்த்துக்கீச மொழியில் லூவா என்றால் நிலா. 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவ்வரங்கினுள் நாளொன்றுக்கு வந்துபோவோர் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டது.

இனி, இத்தகைய அரங்கொன்றைச் சிறப்பாக அமைக்க வேண்டியவை எவை என்று நோக்குவோம்.

முதலாவது, வாயில். நல்ல வீட்டின் திண்ணை தாழ்ந்திருக்கவேண்டும்; கூரை உயர்ந்திருக்கவேண்டும். தொடக்கநிலைப் பிள்ளை எளிதாக ஏறவேண்டும். வல்ல பிள்ளை தலை நிமிர்ந்து வளரவும் இடம் வேண்டும். பப்பேட் சொன்ன இவ்விரண்டோடு, சுவர்கள் அகன்றிருக்கவேண்டும் என்ற மூன்றாவதையும் றெஸ்னிக் சேர்த்தார். பந்தாட்டம் விரும்பும் பிள்ளைக்கும், கதை சொல்ல விரும்பும் பிள்ளைக்கும், இசை விரும்பும் பிள்ளைக்கும் ஒரே கூடத்தில் இடம் வேண்டும் என்பது அதன் கருத்து. ஸ்கிராச்சிலே ஒரு கட்டையை அழுத்திய கணமே அதன் விளைவு திரையிலே தெரியும். செய்து பார்ப்பதற்கும் பலன் காண்பதற்கும் இடையே காலம் நீண்டால், சிறுபிள்ளையின் ஊக்கம் தளர்ந்துவிடும் அன்றோ?

இரண்டாவது, திருத்தியமைக்கும் உரிமையும் அதற்குரிய நன்றியும். ஸ்கிராச்சிலே ஒரு பிள்ளை பகிர்ந்த விளையாட்டை இன்னொரு பிள்ளை திறந்து, உள்ளேயுள்ள கட்டைகளைப் பார்த்து, மாற்றி, தன் ஆக்கமாக வெளியிடலாம். முதலில் ஆக்கியவர் பெயரை அரங்கு தானாகவே பொறித்துவிடும். இதோடு எல்லாம் நிறைவேறிவிட்டது என்றே எவரும் நினைப்பர். ஆனால் அவ்வரங்கை அமைப்பதிற் பெரும்பங்கு கொண்ட அந்திரேஸ் மொன்றொய் எர்னாண்டஸ் முதலியோர் செய்து 2011 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. இயந்திரம் பொறித்த பெயரைவிட, திருத்திய பிள்ளை தன் கையால் எழுதிய நன்றியையே பிள்ளைகள் பெரிதாக மதித்தனர். இயந்திரம் பெயர் பொறிப்பது பதிவு மாத்திரமே. நன்றி சொல்ல ஒரு மனிதர் வேண்டும். ஓர் அரங்கைச் சீர்செய்வோர் பொறியை மாத்திரம் திருத்தினாற் போதாது, பழக்கத்தையும் வளர்க்கவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது, பழைய ஆக்கங்களைப் பேணுதல். ஸ்கிராச் முதலிற் கணினியில் இறக்கிவைத்துப் பயன்படுத்தும் மென்பொருளாக இருந்தது. 2013 ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில், இணைய உலாவியிலேயே விளையாட்டை ஆக்க வழி பிறந்தது. ஆனால் அப்பதிப்பு பிளாஷ் என்னும் தொழினுட்பத்தின் மேல் நின்றது. அத்தொழினுட்பத்துக்கு 2020 ஆம் ஆண்டின் முடிவோடு ஆதரவு நிறுத்தப்படும் என்று அதன் உரிமையாளர் முன்னரே அறிவித்திருந்தனர். கட்டடம் நிற்கும் நிலமே போகப்போகிறது என்றால் என்ன செய்வது? ஸ்கிராச் குழுவினர் முழுவதையும் புதிதாக எழுதி, 2019 ஆம் ஆண்டு சனவரியில் மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர். முன்னைய பதிப்புகளிற் பிள்ளைகள் செய்தவை புதிய பதிப்பிலும் திறக்கக்கூடியனவாக அமைக்கப்பட்டன. பத்து வயதிலே செய்த விளையாட்டு இருபது வயதிலும் அழியாதிருத்தல் சிறுவிடயமன்று. அது ஒருவருடைய முதற் படைப்பு.

நான்காவது, உறுதி. 2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் 28 ஆந் திகதி றோபுளொக்ஸ் அரங்கு திடீரென மூடிக்கொண்டது. மீண்டும் முழுமையாகத் திறக்க 73 மணி நேரம் சென்றது. அக்காலத்தில் அங்கு நாள்தோறும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் ஆடினர். பின்னர் அந்நிறுவனமே காரணத்தை விளக்கி அறிக்கை வெளியிட்டது. பல்லாயிரம் கணினிகளில் எது எங்கே இருக்கிறது என்று ஒன்றுக்கொன்று அறிவிக்கும் மென்பொருளில் புதிதாக இயக்கிய ஓர் அமைப்பு, வேலைப்பளு மிகுந்த வேளையில் நெரிசலை உண்டாக்கியது. அதனினும் முக்கியமான பாடம் ஒன்றுண்டு. கோளாற்றைக் கண்டறியவேண்டிய கண்காணிப்புக் கருவிகளும் அதே மென்பொருளையே நம்பியிருந்தன. ஆகவே அது தடுமாறியபோது கண்களும் மங்கிவிட்டன. காவற்காரனின் விளக்கை வீட்டு மின்சாரத்தோடு இணைத்துவைத்தாற் போன்ற நிலை இது. திருத்தியபின்பும் அவர்கள் கதவை ஒரேயடியாகத் திறக்கவில்லை. பத்திலொரு பங்கினரை முதலில் விட்டுப் பார்த்து, படிப்படியாகவே ஏனையோரை உள்ளே விட்டனர். பெரிய அரங்கைச் சீர்செய்வோர் யாவரும் கற்கவேண்டிய நிதானம் இது.

ஐந்தாவது, காப்பு. பிள்ளைகள் கூடும் இடத்திற்கு அவர்களை ஏமாற்றக் கருதுவோரும் வருவர். ஸ்கிராச்சிலே இருவர் தனியாகச் செய்தி பரிமாற வழியே இல்லை. கருத்துகள் யாவும் வெளிப்படையானவை. புதிதாகச் சேர்ந்தவருக்குச் சில வசதிகள் உடனே கிடைப்பதில்லை. சிலகாலம் பங்குபற்றியபின்பே கிடைக்கும். றோபுளொக்ஸ், தொடக்கத்திலிருந்தே உரையாடலுக்கு இடங்கொடுத்து வளர்ந்தமையால், பின்னர் வேலி கட்டவேண்டியதாயிற்று. 2024 நவம்பரில், 13 வயதுக்குட்பட்டோர் விளையாட்டுக்கு வெளியே பிறரோடு தனிச்செய்தி பரிமாறுவதை அது தடைசெய்தது. 2025 நவம்பரில், உரையாட விரும்புவோர் முகத்தைக் காட்டி வயதை உறுதிப்படுத்தவேண்டும் என்று அறிவித்தது. இதற்கிடையில், 2024 ஆகத்தில் துருக்கி அவ்வரங்கை முற்றாகத் தடைசெய்தது; வேறு சில நாடுகளும் பின்தொடர்ந்தன. கிணற்றைத் தோண்டும்போதே கட்டுச்சுவரும் எழவேண்டும் என்பது இவ்விரண்டின் வேறுபாட்டால் விளங்கும்.

ஆறாவது, பணம். ஸ்கிராச் இலாபநோக்கற்ற நிறுவனத்தின் கையில் உள்ளது. அங்கே பிள்ளைகளின் ஆக்கங்களை வாங்குதலும் இல்லை, விற்றலும் இல்லை. றோபுளொக்ஸில் றொபக்ஸ் என்னும் அரங்கநாணயம் வழங்குகிறது. ஆடுவோர் காசு கொடுத்து அதை வாங்குகின்றனர். ஆக்குவோர் தாம் ஈட்டியதை மீண்டும் காசாக மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்கு 13 வயது நிரம்பியிருக்கவேண்டும். குறைந்தது 30,000 றொபக்ஸ் ஈட்டியிருக்கவும் வேண்டும். அன்றியும், வாங்கும்போது ஒரு றொபக்ஸுக்குக் கொடுக்கும் விலைக்கும், மாற்றும்போது அதற்குக் கிடைக்கும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. இதனாற் செல்வம் பெற்ற இளைஞரும் உண்டு. பள்ளி விட்டு வந்து இரவிரவாக உழைத்து ஒன்றும் கைக்கு வராதோரும் உண்டு. 2021 ஆம் ஆண்டு பிரித்தானியப் பத்திரிகையாளர் சிலர், பிள்ளைகளின் உழைப்பு இங்கே சுரண்டப்படுகிறதா என்று வெளிப்படையாக வினவினர். அவ்வினா நியாயமானது. ஒழுங்கையிலே விதி இயற்றிய சிறுவன் அதற்குக் கூலி எதிர்பார்க்கவில்லை; ஆனால் அவ்விதியை வைத்து வேறொருவர் பொருளீட்டவும் இல்லை.

இனி, நமது பிள்ளைகளுக்கு மிக அண்மையிலுள்ள விடயம் ஒன்று: தமிழ் எழுத்து.

கொட்டாஞ்சேனையில் தமிழ்மொழி மூலம் படிக்கும் ஒரு பிள்ளை, மறைந்துள்ள சொல்லை ஒவ்வோர் எழுத்தாகக் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஸ்கிராச்சில் ஆக்க முனைகிறது என்று வைத்துக்கொள்வோம். சொல், கொழும்பு. எத்தனை எழுத்து? கொ, ழு, ம், பு என நான்கு. பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால் சொல்லின் நீளம் கேட்கும் கட்டையை அழுத்தினால் வருகின்ற விடை எட்டு! விளையாட்டு என்னும் சொல்லில் ஐந்தெழுத்து. கணினி சொல்வது பத்து. அதன் இரண்டாம் எழுத்து எது என்று கேட்டால், ளை என்று சொல்லாது, வெறும் இகரக் குறி ஒன்றைத் தனியே நீட்டும்.

காரணம் என்ன? யுனிக்கோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் ககரத்துக்கு ஓர் எண். ஒகரக் குறிக்கு வேறோர் எண். இரண்டையும் சேர்த்தே கொ என்று திரையில் வரைகிறது கணினி. வரையும்போது ஒன்றாக்குகிறது, எண்ணும்போது இரண்டாக எண்ணுகிறது. ஆங்கில எழுத்தை மனத்திற் கொண்டு அமைத்த கட்டைக்கு, மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகும் இலக்கணம் தெரியாது.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. புள்ளி ஒன்று, உயிர்க்குறிகள் பதினொன்று, ஆகப் பன்னிரண்டு குறிகளையும் தனி எழுத்தாக எண்ணாது விட்டாற் போதும். கொழும்பு என்பதில் அத்தகைய குறி நான்கு. எட்டில் நான்கு போக நான்கு. விளையாட்டு என்பதில் ஐந்து. பத்தில் ஐந்து போக ஐந்து. வடவெழுத்துக் கூட்டுகள் சிலவற்றுக்கு மாத்திரம் தனிக் கவனம் வேண்டும். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளை இதனைத் தானே ஸ்கிராச்சில் அமைத்துவிடலாம். பைதன் மொழியில் எழுதுவோருக்கு, முத்து அண்ணாமலை முதலியோர் இலவசமாக வழங்கியுள்ள ஓப்பன் தமிழ் என்னும் நூலகம் இவ்வேலையைச் செய்து தருகிறது. தமிழ்ச் சொற்களாலேயே கட்டளையிடும் எழில் என்னும் கணினி மொழியும் அவருடைய முயற்சியே.

இங்கே சிந்திக்கவேண்டியது இது. விளையாட்டை வாங்கி ஆடும் பிள்ளை இக்குறையை ஒருநாளும் காணப்போவதில்லை. ஏனெனில் அது ஆடும் விளையாட்டிலே தமிழே இல்லை. ஆக்க முனைந்த பிள்ளைதான் குறையைக் காண்கிறது. கண்டபின் காரணம் தேடுகிறது. தேடும்போது யுனிக்கோட்டையும் கற்கிறது, தொல்லாசிரியர் வகுத்த எழுத்திலக்கணத்தையும் புதிதாக உணர்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி ஏன் என்று மனனம் செய்த பாடம் அப்போது அதற்குக் கைக்கருவி ஆகிறது. அந்தப் பிள்ளை தான் செய்த எழுத்தெண்ணும் கட்டையைப் பகிர்ந்துவிட்டால், மட்டக்களப்பிலும், மதுரையிலும், ரொறன்ரோவிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் அதன்மேல் தமது விளையாட்டைக் கட்டலாம். ஓர் அரங்கு சீர்படுவது அதன் உரிமையாளரால் மாத்திரமன்று. அங்கே புழங்குவோராலும் ஆகும்.

வசதியற்ற பள்ளி என்ன செய்வது என்று கேட்கலாம். ஸ்கிராச் மென்பொருளை ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால், இணையத் தொடர்பு இல்லாமலே இயங்கும். ஆக்கிய விளையாட்டைச் சிறு நினைவகக் குச்சியிற் பதிந்து கொண்டுபோகலாம். ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள் என்றாலும் குறையில்லை: ஒருவர் வரையட்டும், ஒருவர் கட்டை பொருத்தட்டும், ஒருவர் தமிழிற் குரல் கொடுக்கட்டும். வெள்ளவத்தைப் பள்ளியின் ஆக்கத்தைக் கொட்டாஞ்சேனைப் பள்ளி திருத்தி, ஆக்கியவருக்குக் கையெழுத்தில் நன்றிக் கடிதம் அனுப்பட்டும். கிளித்தட்டின் கோடுகளை, ஒழுங்கைக் கிரிக்கெட்டின் விதிகளை, பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியை இவ்வாறு திரையில் ஏற்றினால், அவை பெயரளவில் எஞ்சாது, மறுபடியும் ஆடப்படும்.

பெற்றோர் பிள்ளையின் கையிலுள்ள அரங்கைப் பற்றி மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளட்டும். இதிலே பிள்ளை ஆடுகிறதா, ஆக்கவும் செய்கிறதா? அறியாத ஒருவர் இங்கே பிள்ளையோடு தனித்துப் பேச முடியுமா? காசு எந்த வழியாக உள்ளே போகிறது, யாரிடம் சேர்கிறது? இவற்றுக்கு விடை தெரியாதவிடத்து, பிள்ளையின் அருகே அமர்ந்து, காட்டச் சொல்லிக் கேட்பதே நல்ல வழி. பிள்ளைகள் மகிழ்ந்து காட்டுவார்கள். பிள்ளை அச்சுறுத்தப்பட்டதாகவோ ஏமாற்றப்பட்டதாகவோ தெரிந்தால் ஏசாது ஆறுதல் சொல்லி, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும்.

ஒழுங்கைகள் குறுகிவிட்டன; அவற்றை அகலமாக்குவது எளிதன்று. ஆனால் விதிகளைத் தாமே இயற்றும் பழக்கத்தைப் பிள்ளைகள் இழக்கவேண்டியதில்லை. அதற்கு வேண்டியது ஒரு கணினியும், அருகே பொறுமையோடு அமரும் ஒரு பெரியவரும், ‘நீயே ஒன்று செய்து காட்டு’ என்னும் ஒரு சொல்லுமே.